500 வெள்ளிக்குள் பேட்டரி இல்லாமலும் ஓடும் ரேஞ்ச்ஃபைண்டர்: எதை வாங்கலாம்?

சிறுவெளிச்சம் (ஜோர்ஜ் டவுன்)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க வாசிக்கிறேன், எழுதுறது இப்பதான்.

பாயான் லெப்பாஸ்ல ஷிப்ட் வேலை. லீவு நாள்ல லெபோ பாசார், லெபோ குயின், சூலியா தெரு பக்கமா நடந்து படம் எடுப்பேன். இதுவரைக்கும் டிஜிட்டல்தான். இனி பிலிமுக்குப் போகணும்னு முடிவு பண்ணிட்டேன், அதுலயும் ரெண்டு ஜன்னல் வழியா பாத்து தூரம் அளந்து ஃபோக்கஸ் பண்ற ரேஞ்ச்ஃபைண்டர்தான் வேணும். கூட வேலை செய்யிற அக்காவோட கேனோனெட் ரேஞ்ச்ஃபைண்டரை ஒரு மதியம் கடன் வாங்கினேன். கோயில் வாசல்ல பூக்கட்டுற பாட்டிக்குப் பக்கத்துலயே உக்காந்து, அவங்க அனுமதியோட எடுத்தேன். ஷட்டர் விழுந்தது அவங்களுக்குத் தெரியவே இல்ல, கை பாட்டுக்குக் கட்டிக்கிட்டே இருந்துச்சு. அந்தப் படம் மாதிரி இன்னும் எடுக்கணும்.

எனக்கு வேண்டியது இதுதான். ஷட்டர் வேகம், அபர்ச்சர் (லென்ஸ் திறப்பு) ரெண்டையும் நானே வைக்கணும். பேட்டரி செத்தாலும் கேமரா ஓடணும். தைப்பூசம் முடிஞ்சு தண்ணீர்மலையிலேர்ந்து வெள்ளி ரதம் திரும்புற ராத்திரியில எடுக்கணும். கையில 500 வெள்ளி (ரிங்கிட்) இருக்கு, பிலிமுக்கும் கழுவுறதுக்கும் தனியா வச்சிருக்கேன்.

லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையிலயும் இணையத்துலயும் கண்ணுல பட்டது: கேனோனெட் கியூஎல்17 ஜி3, யாஷிக்கா எலக்ட்ரோ 35 ஜிஎஸ்என், மினோல்ட்டா ஹை-மேட்டிக் 7எஸ், அப்புறம் ஃபெட்-2ன்னு ஒரு சோவியத் கேமரா. எதை எடுக்கலாம்? நான் மூக்குக் கண்ணாடி போடுறவ, அதையும் கணக்குல வச்சுக்குங்க.

செந்தூல்_நடையன் (கோலாலம்பூர்)

யாஷிக்கா எலக்ட்ரோவை எடுத்துருங்க தங்கச்சி. எங்க பார்த்தாலும் கிடைக்கும், விலையும் உங்க கணக்குக்குள்ள வரும். 45 மி.மீ. எஃப்1.7 லென்ஸ் (எஃப் எண் குறைய குறைய திறப்பு பெரிசு, வெளிச்சம் அதிகம்), ராத்திரி பிரிக்பீல்ட்ஸ் கடை விளக்குல அது கொடுக்கிற கலருக்கு நான் அடிமை. அபர்ச்சரை வச்சா போதும், மிச்சத்தை அது பாத்துக்கும்.

நட்டு_ஸ்க்ரூ (கெப்போங்)

நடையன், லென்ஸ் பத்தி நீங்க சொன்னது சரி. ஆனா தங்கச்சி வச்ச முதல் நிபந்தனையிலேயே எலக்ட்ரோ கழண்டுடுது. அதுல ஷட்டர் வேகம் வைக்கிற வளையமே கிடையாது. அபர்ச்சர் நம்ம கையில, வேகம் உள்ள இருக்கிற மின்சுற்று கையில. பேட்டரி போச்சுன்னா ஷட்டர் 1/500ல மட்டும் விழும். ராத்திரி ரதத்துக்கு முன்னாடி 1/500 வச்சு என்ன பண்றது?

பழைய 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்ப வர்றதில்ல. 6 வோல்ட் பேட்டரியை ஒரு ஸ்பிரிங் அடாப்டரோட போட்டா ஓடும், அது பிரச்சனை இல்ல. பிரச்சனை உள்ள இருக்கிற ஒரு சின்ன ரப்பர் துண்டு. வயசாகி அது பொடிஞ்சா மின்சுற்றோட தொடர்பு தாறுமாறாகி வேகம் கண்டபடி போகும். பிலிமைச் சுற்றும்போது உள்ள ‘டொக்’னு ஒரு சத்தம் கேட்டா ரப்பர் நல்லா இருக்குன்னு அர்த்தம். எலக்ட்ரோ வாங்க நினைக்கிற மத்தவங்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

கேனோனெட் கியூஎல்17 ஜி3 வேற சங்கதி. 1972ல வந்தது. 40 மி.மீ. எஃப்1.7, வேகம் 1/4லேர்ந்து 1/500 வரைக்கும், எல்லாமே இயந்திரம். பேட்டரி இல்லாம முழுசா ஓடும். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்குங்க: அபர்ச்சர் வளையத்தை ‘ஏ’ங்கிற தானியங்கி நிலையிலேர்ந்து நகர்த்தி நாமளா வைக்க ஆரம்பிச்சதும் வெளிச்சம் அளக்கிற மீட்டர் படுத்துடும். மேனுவல்ல வெளிச்சத்தை நாமதான் கணிக்கணும். இது பழுது இல்ல, கேமராவோட வடிவமே அப்படி. தெரியாம வாங்கினவங்க மீட்டர் கெட்டுப்போச்சுன்னு தூக்கிக்கிட்டு என்கிட்ட வருவாங்க.

கார்கோவ்_ரசிகன் (சுங்கை பூலோ)

யாருமே ஃபெட்டுக்குப் பேச மாட்டேங்கிறீங்க, நான் பேசுறேன்.

மேனுவல்னு கேட்டா மேனுவல்னா அது ஃபெட்-2தான். மீட்டர் இல்ல, பேட்டரி இல்ல, ஒரு கம்பி கூட இல்ல. உக்ரேனின் கார்கிவ் நகரத்துல, அநாதைப் பிள்ளைகளுக்காக நடந்த கம்யூன்ல பிறந்த கேமரா வகை இது. 1934ல லைக்கா 2ஐப் பார்த்துச் செய்ய ஆரம்பிச்சாங்க. ஃபெட்-2 வந்தது 1955ல. அசலைவிட நல்லாவே செஞ்ச ஒரு இடம் இதுல இருக்கு: ரெண்டு ஜன்னலுக்கும் நடுவுல 67 மி.மீ. இடைவெளி. தூரம் அளக்கிறதுல அந்த இடைவெளி எவ்வளவு அகலமோ அவ்வளவு துல்லியம். மேல சொன்ன ஜப்பான் கேமராக்கள்ல லென்ஸ் கழட்ட முடியாது. இதுல முடியும். இண்டஸ்டார்-61 போட்டு வாங்குங்க, பின்னால பணம் சேர்ந்தா ஜூப்பிட்டர்-8 எஃப்2 வாங்கிப் போடுங்க.

விலை? உங்க 500ல பாதிக்கு முடியும். மிச்சத்துக்கு பிலிம் வாங்குங்க.

இருட்டறை (பட்டர்வொர்த்)

தம்பி கார்கோவ், ஃபெட்டின் மேல் உங்களுக்கு இருக்கும் பாசம் எனக்குப் புரிகிறது. நானும் வைத்திருக்கிறேன். ஆனால் இந்தப் பெண் பினாங்கில் இருந்து கேட்கிறாள், அதை மறந்துவிட்டுப் பேச முடியாது.

ஃபெட்டின் ஷட்டர் ரப்பர் பூசிய துணித் திரை. லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்எல்ஆர் கேமராவில் இருப்பது போல, ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸுக்கும் திரைக்கும் நடுவே கண்ணாடி எதுவும் மறைத்து நிற்பதில்லை. மூடி போடாத கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நண்பகல் பாடாங் திடலில் நடந்தால், சூரியன் லென்ஸ் வழியாகக் குவிந்து திரையில் ஊசித் துளை போட்டுவிடும். அதன் பிறகு எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் வெள்ளைப் புள்ளி விழும். கேனோனெட், மினோல்ட்டா இவற்றின் ஷட்டர் லென்ஸுக்குள் இருக்கும் உலோக இலைகள். அந்தத் தொல்லை அவற்றுக்கு இல்லை. பூக்கட்டும் பாட்டிக்குச் சத்தம் கேட்காததற்கும் அந்த இலைகள்தான் காரணம். ஃபெட் அதைவிடச் சத்தமாகவே விழும்.

இரண்டாவது, பூஞ்சை. நம் தீவிலும் பட்டர்வொர்த்திலும் காற்றின் ஈரம் பெரும்பாலும் 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. 70ஐத் தாண்டினாலே லென்ஸுக்குள் பூஞ்சை சுகமாக வளரும். அலமாரியில் தோல் உறைக்குள் பூட்டி வைத்த கேமராதான் முதலில் கெடும், ஏனென்றால் அந்தத் தோலே ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். உறை அழகாக இருக்கிறது என்று சேர்த்து வாங்கினாலும், கேமராவை அதற்குள் வைக்காதே அம்மா. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. முள் 40க்கும் 50க்கும் நடுவில் நிற்கட்டும். ஜெல்லின் நிறம் மாறினால் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடலாம். பணம் சேரும்போது ட்ரை கேபினட் வாங்கிக்கொள்.

லோரோங் கூலிட் போவதாகச் சொன்னதால் இன்னொன்று. தங்க முலாம் பூசி, ‘லைக்கா’ என்று பொறித்து, ஜெர்மன் ராணுவச் சின்னம் போட்ட கேமரா எங்காவது கண்ணில் பட்டால் கை வைக்காதே. பெரும்பாலும் அது ஃபெட் அல்லது ஸோர்க்கி என்ற இன்னொரு சோவியத் கேமராவின் மேல் பின்னாளில் பொறித்த போலி.

செந்தூல்_நடையன் (கோலாலம்பூர்)

எலக்ட்ரோ மேனுவல் இல்லங்கிறதை ஒத்துக்கிறேன். ஆனா ஒரு அடிப்படைக் கேள்வி. முதல் பிலிம் கேமராவா ரேஞ்ச்ஃபைண்டர் எதுக்கு? பெண்டாக்ஸ் கே1000 மாதிரி ஒரு எஸ்எல்ஆர் வாங்கினா லென்ஸ் என்ன பாக்குதோ அதையே நாமளும் பாக்கலாம். மூடியைக் கழட்டலன்னா கறுப்பா தெரியும், உடனே புரிஞ்சிரும். ரேஞ்ச்ஃபைண்டர்ல மூடியைப் போட்டுக்கிட்டே ஒரு ரோல் முழுக்க எடுக்கலாம், கேமரா ஒரு வார்த்தை சொல்லாது. கிட்டக்க போனா ஃபிரேம் வேற தள்ளிப்போகும்.

நட்டு_ஸ்க்ரூ (கெப்போங்)

மூடி விஷயம் நூத்துக்கு நூறு உண்மை. ஃபிரேம் தள்ளிப்போறது கேனோனெட்டுலயும் 7எஸ்லயும் பெரிசா இல்ல. ஃபோக்கஸ் வளையத்தைத் திருப்பும்போது வெளிச்சக் கோடுகளும் சேர்ந்து நகர்ந்து அதைச் சரிக்கட்டும். ஃபெட்ல அந்தக் கோடுகளே கிடையாது.

எஸ்எல்ஆர் நல்ல கேமராதான், மறுக்கல. ஆனா இவங்க எடுக்கப் போறது கூட்டத்துல, இருட்டுல, ஆளுங்களுக்குப் பக்கத்துல. ரேஞ்ச்ஃபைண்டர்ல ஃபிரேமுக்கு வெளியில யார் வர்றாங்கன்னு தெரியும். படம் விழுற நொடியில கண்ணு இருட்டாகாது. கண்ணாடி தூக்குற அதிர்ச்சி இல்லாததால 1/30ல, கொஞ்சம் பழகினா 1/15லயும் கையில பிடிச்சே எடுக்கலாம். வெளிச்சம் கம்மியான இடத்துல, ரெண்டு பிம்பத்தை ஒண்ணாக்கி ஃபோக்கஸ் பண்ற இந்தப் பிம்பச் சேர்க்கை கண்ணுக்குப் பட்டுன்னு பிடிபடும், எஸ்எல்ஆர் திரையில தடவிக்கிட்டு நிக்க வேண்டியதில்ல. அவங்க கேட்டது சரியான கேமரா.

சிறுவெளிச்சம் (ஜோர்ஜ் டவுன்)

ரொம்ப நன்றி. எலக்ட்ரோவை விட்டுட்டேன். இருட்டறை ஐயா சொன்ன டப்பா இன்னிக்கே வாங்கியாச்சு, கேமராதான் இன்னும் வரல.

நட்டு அண்ணே, அந்தப் பிம்பச் சேர்க்கையைக் கொஞ்சம் விளக்குங்களேன். அக்கா கேமராவுல நடுவுல மஞ்சளா ஒரு கட்டம் தெரிஞ்சுச்சு. கடையில பாத்த ஒண்ணுல அதைத் தேட வேண்டியிருந்துச்சு. கடைக்காரர் ‘பழைய கேமரான்னா அப்படித்தான்’னு சொல்றாரு.

நட்டு_ஸ்க்ரூ (கெப்போங்)

அப்படித்தான் இல்ல. அங்கதான் முழு விஷயமும் இருக்கு, கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

ஒரு விரலை முகத்துக்கு முன்னால நீட்டி, இடக் கண்ணை மூடிப் பாருங்க, அப்புறம் வலக் கண்ணை மூடிப் பாருங்க. விரல் தாவும். தூரத்துல இருக்கிற மரம் தாவாது. ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இடைவெளி இருக்கு, பக்கத்துல இருக்கிற பொருளை ரெண்டும் வேற வேற கோணத்துல பாக்குது. கேமராவோட ரெண்டு ஜன்னலும் அந்த ரெண்டு கண்ணு. பெரிய ஜன்னல் நேரா பாக்குது. சின்ன ஜன்னல் பாக்கிறதை ஒரு ஆடி திருப்பி அனுப்பி, பாதி வெள்ளி பூசின கண்ணாடி மேல விழ வைக்குது. நாம பாக்கிற மஞ்சள் கட்டம் அந்த ரெண்டாவது பிம்பம்தான். ஃபோக்கஸ் வளையத்தைத் திருப்பினா லென்ஸ் நகரும், லென்ஸோட சேர்ந்து ஒரு நெம்புகோல் அந்த ஆடியை மயிரிழை அளவு திருப்பும். ரெண்டு பிம்பமும் ஒண்ணா உக்காந்த இடத்துல ஃபோக்கஸ்.

இப்ப கடைக்காரர் கதைக்கு வர்றேன். அந்தப் பாதி வெள்ளிப் பூச்சு வயசானா தேஞ்சு மங்கும். வெறும் தூசியும் பூஞ்சைப் படலமும்னா மேல்தட்டைக் கழட்டித் துடைச்சா கட்டம் திரும்பி வரும், என்கிட்ட வர்றதுல பாதி அப்படித்தான். ஆனா பூச்சே போயிருந்தா அந்தக் கண்ணாடியை மாத்தணும், அது உங்க காசுக்குக் கட்டாது. பூச்சு எந்த நிலையில இருக்குன்னு வெளியில இருந்து உறுதியாச் சொல்ல முடியாது. அதனால கட்டம் மங்கின கேமராவை, எவ்வளவு பேர் பெற்றதா இருந்தாலும், வாங்காதீங்க. கேனோனெட்டா மினோல்ட்டாவாங்கிறது ரெண்டாவது கேள்வி. கட்டம் பளிச்சுன்னு இருக்காங்கிறதுதான் முதல் கேள்வி.

கடையில எப்படிப் பாக்கிறது? வளையத்தை முடிவிலிக்குத் திருப்பி, தூரத்துல தெரியிற நிமிர்ந்த கோடு எதையாவது பாருங்க. ஜோர்ஜ் டவுன்ல இருக்கீங்க, கொம்தார் கோபுரம் போதும். ரொம்பப் பக்கத்துல நிக்காம, நல்லா எட்டத்துல நின்னு அதோட ஓரத்தைப் பாருங்க. ரெண்டு ஓரமும் ஒண்ணாகணும். இடது வலதா விலகியிருந்தா திருத்தலாம், சின்ன வேலை. ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு நின்னாலும் திருத்தலாம், ஆனா கேமரா எப்பவோ கீழ விழுந்திருக்கும், மத்ததையும் சந்தேகத்தோட பாருங்க.

அடுத்து ஷட்டர். 1/4ல வச்சு அமுக்குங்க. இழுத்துக்கிட்டே போய் மூடாம நின்னா இலைகள்ல எண்ணெய் ஏறியிருக்கு. நம்ம ஊர்ச் சூட்டுக்கு இது சகஜம், கழுவித் துடைச்சா சரியாகும், அந்தச் செலவை விலையில கழிச்சுக் கேளுங்க. அமுக்கிப் பிடிக்கிற வரைக்கும் ஷட்டர் திறந்தே நிக்கிற ‘பி’யில வச்சு, பின்மூடியையும் திறந்து, போன் டார்ச்சை லென்ஸுக்குள்ள சாய்வா அடிங்க. சிலந்திவலை மாதிரி கிளைகிளையா தெரிஞ்சா பூஞ்சை. ஓரத்துல ஒரு சின்னக் கிளைன்னா படத்துல தெரியாது, நடுவுல படர்ந்திருந்தா விட்டுடுங்க. பேட்டரி மூடியைத் திறந்து பச்சையா உப்புப் பூத்திருக்கான்னு பாருங்க. பின்மூடி ஓரத்துப் பஞ்சு கையில கறுப்பா ஒட்டுமே, அதைப் பாத்து பயப்படாதீங்க. எல்லாக் கேமராவுக்கும் அது கரைஞ்சிருக்கும், புதுசா வெட்டி ஒட்டிக்கலாம்.

கட்டம் கொஞ்சம்தான் மங்கல்னா ஒரு கைவேலை உண்டு. பெரிய ஜன்னலுக்கு வெளியில நட்டநடுவுல, கட்டத்தோட அளவுக்கு ஒரு துண்டு நிறத்தாளை ஒட்டினா நடுப்பகுதி இருண்டு, ரெண்டாவது பிம்பம் எடுப்பா தெரியும்.

கார்கோவ்_ரசிகன் (சுங்கை பூலோ)

நட்டு அண்ணே சொன்னதை அப்படியே ஏத்துக்கிறேன். வெயில்ல மூடி போட்டு வைக்கணும்னு ஐயா சொன்னதும் சரி.

ஆனா ஃபெட் வாங்குறவங்களுக்கு ரெண்டு சொல். பிலிமைச் சுற்றி முடிச்ச பிறகுதான் வேகத்தை மாத்தணும், சுற்றாம மாத்தினா உள்ளே பழுதாகும். கண்ணாடி போடுறவங்களுக்கு நல்ல சேதி, கண் வைக்கிற இடத்துலயே பவர் திருத்துற அமைப்பு இருக்கு. கெட்ட சேதி, அந்த இடத்து வெறும் உலோக விளிம்பு கண்ணாடியைக் கீறும். வட்டமா ரப்பர் வெட்டி ஒட்டிக்கணும்.

தங்கச்சி மூக்குக் கண்ணாடியோட கூட்டத்துல நிக்கப் போறாங்கன்னு யோசிச்சா, இந்த ஒரு தடவை ஃபெட்டை நான் வற்புறுத்தல.

பாயான்பாரு_அக்கா (பினாங்கு)

ஒலிம்பஸ் 35 ஆர்சியை யாரும் சொல்லலையே. 1970ல வந்தது, கைப்பைக்குள்ள போட்டுக்கிட்டு வேலைக்கே போகலாம், அவ்வளவு சின்னது. மேனுவலும் உண்டு. வச்ச வேகம் ஃபைண்டருக்குள்ளயே தெரியும். பகல் படத்துக்கு என்கிட்ட அதுதான். ராத்திரிக்கு அது எஃப்2.8தான்மா, எஃப்1.7ஐ விட ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் கம்மி (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதி). ரதத்துக்காகவே வாங்குறன்னா கேனோனெட்டோ 7எஸ்ஸோ பாரு.

பேட்டரி பத்தியும் சொல்லிடுறேன். ஆர்சி, கேனோனெட், 7எஸ் எல்லாத்தோட மீட்டருக்கும் 1.35 வோல்ட் பாதரச பேட்டரி. அது இப்ப சந்தையில இல்ல. அதே அளவு அல்கலைன் போட்டா 1.5 வோல்ட் போய், வெளிச்சம் அதிகமா இருக்கிறதா மீட்டர் நினைச்சுக்கும், படம் இருட்டடிக்கும். நான் போடுறது காது கேட்கும் கருவியோட 675 நம்பர் பேட்டரி, சுத்தி ஒரு ரப்பர் வளையம். 1.4 வோல்ட், மருந்துக்கடையில கிடைக்கும். ஒட்டியிருக்கிற தாளைப் பிச்சதும் காத்து பட்டு வேலை செய்ய ஆரம்பிச்சிரும், அப்புறம் நிறுத்த முடியாது. ரொம்ப நாள் வராது, விலை கம்மி.

இருட்டறை (பட்டர்வொர்த்)

பேட்டரி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் கலங்க வேண்டாம் அம்மா. வெளிச்சத்தைக் கண்ணால் படிப்பது பழகக்கூடிய வித்தை. மீட்டரை நம்பி எடுத்தவர்களைவிட அதைப் பழகியவர்கள் கூட்டத்தில் வேகமாக எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

நிழல் கூராக விழும் நல்ல வெயிலில் எஃப்16. வேகம், பிலிமின் வெளிச்ச உணர்திறன் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் எண். 200 பிலிமுக்கு 1/250, 400க்கு 1/500. நம் ஊரில் வானம் அடிக்கடி பால் போல வெளுத்திருக்கும், நிழலின் ஓரம் கரைந்திருக்கும். அப்போது எஃப்11. நிழலே விழாத மேகத்துக்கு எஃப்8. மழை கட்டி நின்றால் எஃப்5.6. கடைவீட்டு அஞ்சடிக்குள் (கூரை போட்ட முன்நடைபாதை) நிற்கும் ஆளுக்கு, அவர் சாலை ஓரமாக நின்றால் எஃப்5.6, உள்சுவரை ஒட்டி நின்றால் எஃப்4, இன்னும் உள்ளே என்றால் வேகத்தையும் குறை. சந்தேகம் வந்தால் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டியே கொடு. நெகட்டிவ் பிலிம் அதிக வெளிச்சத்தைத் தாங்கும், குறைவைத் தாங்காது.

ஆரம்பத்தில் போனில் இருக்கும் மீட்டர் செயலியை வைத்துக்கொள். ஆனால் அதைப் பார்ப்பதற்கு முன் மனதுக்குள் ஒரு எண் சொல்லிவிட்டுப் பார். படம் எடுக்காத நாளில் பேருந்தில் உட்கார்ந்தபடியே சொல்லிப் பழகலாம்.

சிறுவெளிச்சம் (ஜோர்ஜ் டவுன்)

ஞாயித்துக்கிழமை காலையில லோரோங் கூலிட் போனேன். ரெண்டு கேமரா.

ஒண்ணு கேனோனெட் கியூஎல்17 ஜி3. மேல கீறலே இல்ல, தோல் உறையோட. கேட்ட விலை என் பட்ஜெட்டைத் தொட்டுடுச்சு. ஃபைண்டர்ல கட்டம் இருக்கு, ஆனா நிழல்ல பாத்தா காணாமப்போகுது. மீட்டர் ஊசி ஆடுது.

இன்னொண்ணு ஹை-மேட்டிக் 7எஸ். முனையில சின்ன நசுங்கல், மீட்டர் செத்துக் கிடக்கு, அதனால விலை கேனோனெட்ல பாதிதான். ஆனா கட்டம் அவ்வளவு பளிச்! எட்டத்துக் கொம்தார் ஓரம் கச்சிதமா ஒண்ணாச்சு. 1/4 நல்லா இழுத்து மூடுது. டார்ச் அடிச்சேன், லென்ஸ் சுத்தம். கேனோனெட்டைவிடப் பெரிசு, கனம்.

மனசு சின்னக் கேமரா பக்கம் இழுக்குது, நீங்க சொன்னது மத்தது பக்கம் இழுக்குது. கடைக்காரர் பாக்சிக் ரெண்டையும் அடுத்த ஞாயிறு வரைக்கும் எடுத்து வைக்கிறேன்னு சொல்லியிருக்காரு.

செந்தூல்_நடையன் (கோலாலம்பூர்)

மீட்டர் செத்ததை வாங்கணுமா? கேனோனெட்டை வாங்கி நட்டு அண்ணன்கிட்ட துடைக்கக் கொடுத்தா முடிஞ்சுதே.

நட்டு_ஸ்க்ரூ (கெப்போங்)

துடைச்சா வருமா, பூச்சே போச்சான்னு திறக்காம தெரியாது. முழுப் பட்ஜெட்டையும் கொடுத்துட்டு அந்தச் சந்தேகத்தை வாங்கச் சொல்ல மாட்டேன்.

7எஸ்ஸை எடுங்க. தயக்கமே வேண்டாம். 1966ல வந்தது, 45 மி.மீ. எஃப்1.8 ரோக்கோர். கேனோனெட்டோட எஃப்1.7க்கும் இதுக்கும் இருக்கிற வித்தியாசம் பிலிம்ல தெரியாது. 1/4லேர்ந்து 1/500, எல்லா வேகமும் பேட்டரி இல்லாம ஓடும். மீட்டர் உசிரோட இருந்தாலும், கேனோனெட்ல நீங்க மேனுவலுக்குப் போனதும் அது படுத்துக்கும்னு மேல சொன்னேன். நீங்க மேனுவல்லதான் எடுக்கப் போறீங்க. அப்ப ஆடுற ஊசிக்காக எதுக்கு ரெண்டு மடங்கு காசு? கனம் அதிகம்னா கை ஆடுறதும் கொஞ்சம் குறையும், ராத்திரி 1/30க்கு உதவும்.

இந்த வரிசையோட மூத்த அண்ணன் விண்வெளிக்கே போயிட்டு வந்தது, தெரியுமா? 1962 பிப்ரவரியில ஜான் கிளென் பூமியைச் சுத்தினப்போ கடையில வாங்கிக் கொண்டுபோன கேமரா, ஆன்ஸ்கோ பேர்ல வித்த மினோல்ட்டா ஹை-மேட்டிக்தான்.

கார்கோவ்_ரசிகன் (சுங்கை பூலோ)

7எஸ்ஸுக்கே என் ஓட்டும். மிச்சக் காசுக்கு பிலிம் வாங்குங்கன்னு நான் அன்னிக்கே சொன்னது இப்பவும் நிக்குது.

சிறுவெளிச்சம் (ஜோர்ஜ் டவுன்)

7எஸ் வந்தாச்சு! பாக்சிக் லென்ஸ் மூடியும் சேர்த்துக் கொடுத்தாரு. முதல் ரோல் 200 கலர், ஐயா சொன்ன எண்களை வச்சே லெபோ குயின்லயும் படகுத்துறையிலயும் எடுத்தேன். கடையில கழுவி வாங்கியாச்சு. அஞ்சடிப் படங்கள் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, தனி இழையில போடுறேன். மஞ்சள் கட்டத்துல ஆளோட கண்ணு ஓரம் வந்து சேர்ற அந்த நொடி இருக்கே, டிஜிட்டல்ல எனக்கு அது கிடைச்சதே இல்ல.

இப்ப ரதம். ஹெச்பி5 கறுப்பு வெள்ளை பிலிம் (எண் 400) வாங்கி வச்சிருக்கேன். ராத்திரிக்கு அதை 1600 பிலிம் மாதிரி கணக்கு வச்சு எடுத்து வீட்டுலயே கழுவலாம்னு நினைக்கிறேன். கரைசல் 20 டிகிரின்னு போட்டிருக்கு, எங்க வீட்டுக் குழாய்த் தண்ணியே அதைவிடச் சூடு. ஐயா, எப்படிச் செய்றீங்க? வெளிச்சத்துக்கு என்ன எண் வைக்கட்டும்?

இருட்டறை (பட்டர்வொர்த்)

நல்ல கேமரா, நல்ல விலை. சந்தோஷம் அம்மா.

ரதத்தைச் சுற்றி விளக்கு வரிசையும் குழல் விளக்கும் இருக்கும். முகங்களில் அந்த வெளிச்சம் விழும் இடத்தில் 1600க்கு எஃப்2.8, 1/125இல் ஆரம்பி. ரதம் தாண்டிப்போய் தெருவிளக்கு மட்டும் மிஞ்சும் இடத்தில் எஃப்2, 1/60. ரதத்தின் விளக்கையே அளவாக வைத்து எடுத்தால் ஆட்களெல்லாம் கரிக்கட்டையாக விழுவார்கள். முகத்துக்கு வை, விளக்கு வெளுத்தால் வெளுக்கட்டும்.

கழுவுவதற்கு நான் ஐடி-11 என்ற டெவலப்பரைப் பயன்படுத்துகிறேன், மேலும் தண்ணீர் கலக்காத மூலக்கரைசல். ஹெச்பி5ஐ 400இல் எடுத்தால் 20 டிகிரியில் ஏழரை நிமிடம், 1600இல் எடுத்தால் 14 நிமிடம். கரைசல் பாட்டிலை ஒரு வாளித் தண்ணீரில் நிறுத்தி, அந்த வாளியில் ஐஸ் போடு. கரைசலுக்குள்ளே ஐஸ் போடாதே, நீர்த்துவிடும். 20க்கு இறக்கினாலும் நம் வீட்டுச் சூட்டில் 14 நிமிடத்துக்குள் ஏறிவிடும். அதனால் பிலிம் கழுவும் தொட்டியையும் இடையிடையே அதே வாளியில் நிறுத்து. இது தொல்லையாக இருந்தால் 24 டிகிரியில் வைத்து நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் குறை. நிறுத்தும் கரைசல், ஃபிக்ஸர், கழுவும் தண்ணீர் எல்லாமே அந்தச் சூட்டை ஒட்டியே இருக்கட்டும். குளிர்ந்த கரைசலில் இருந்து நேராக வெந்நீர் போன்ற குழாய்த் தண்ணீருக்குத் தூக்கிப் போட்டால் பிலிமின் மேல்பூச்சு சுருங்கிச் சொரசொரப்பாகும். ரதத்துக்கு முன் ஒரு ரோலைத் தெருவிளக்கில் எடுத்து இதே முறையில் கழுவிப் பார்.

கடைசியாகத் தேங்காய். ரதம் போகும் சாலையில் உடைக்கும் தேங்காய்த் தண்ணீர் எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. காய்ந்தால் பிசுக்கு, பிசுக்கில் பூஞ்சை. 7எஸ்ஸுக்கு 55 மி.மீ. வடிகட்டி பொருந்தும், ஒரு யூவி வாங்கிப் போட்டுக்கொள். ஈரத்துணி ஒன்று, காய்ந்த துணி ஒன்று பையில் இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் கேமராவைத் துடைக்காமல் டப்பாவுக்குள் வைக்காதே.

பாயான்பாரு_அக்கா (பினாங்கு)

55 யூவி என்கிட்ட சும்மா கிடக்கு, வாங்க வேண்டாம். வியாழக்கிழமை ஷிப்ட் முடிஞ்சு பாயான் பாரு சந்தைப் பக்கம் வந்தீன்னா கொடுத்துடுறேன்.

சிறுவெளிச்சம் (ஜோர்ஜ் டவுன்)

வியாழன் ஆறு மணிக்கு வர்றேன் அக்கா. தெருவிளக்கு ரோலையும் அன்னிக்கே எடுத்துடுறேன்.